இன்சுலினுக்குள் ஒரு குழி: ஃபீனால், பாராசிட்டமால், செரட்டோனின்

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் இருக்கும் வீடுகளில் பழகிப்போன வாடை அது. ஊசியில் ஏற்றும்போது ஒரு துளி கையில் சிந்தினால் பினாயில் நெடி அடிக்கும். அந்த நெடி இன்சுலினுடையது அல்ல, மருந்தில் கலந்திருக்கும் மெட்டா-கிரெசாலுடையது. ஒரே குப்பியின் ரப்பர் மூடியை நாள்தோறும் ஊசி துளைக்கிறது. உள்ளே கிருமி வளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக மெட்டா-கிரெசாலையோ, அதன் நெருங்கிய உறவான ஃபீனாலையோ, சில மருந்துகளில் இரண்டையுமோ சேர்க்கிறார்கள்.

கிருமியைத் தடுக்கச் சேர்த்த அந்தப் பொருள் இன்சுலினைச் சுற்றி வெறுமனே மிதந்துகொண்டிருக்கவில்லை. இன்சுலின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில், அதற்கென்றே அளவெடுத்ததுபோன்ற ஒரு குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. படிகத்தில் எக்ஸ்ரேயைப் பாய்ச்சி மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் எக்ஸ்ரே படிகவியல் இதைக் காட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அப்போதே எழுந்த ஒரு கேள்விக்குத்தான் இன்னும் முழு விடை இல்லை. மருந்துக் குப்பியில் இருப்பதுபோல் நம் உடலில் ஃபீனால் கிடையாது. கணையத்தில் இன்சுலின் சேமித்து வைக்கப்படும்போது அந்தக் குழி காலியாகவா கிடக்கிறது? இல்லையென்றால் அதில் இருப்பது எது?

இந்தக் கேள்வியை 2017ல் செக் தலைநகர் பிராகாவிலும் இங்கிலாந்தின் யார்க்கிலும் இருந்த ஆய்வாளர்கள் நேரடியாக எடுத்துக்கொண்டார்கள். மூளையின் தூதுப்பொருளாக அறியப்படும் செரட்டோனினை மனித இன்சுலினோடு சேர்த்துப் படிகம் வளர்த்துப் பார்த்தார்கள். இந்தக் கட்டுரை அந்த ஆய்வைப் பற்றியது. ஆனால் அதன் எடை புரிய வேண்டுமானால் ஃபீனாலின் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆறு இன்சுலின், இரண்டு துத்தநாகம்

மனித இன்சுலின் மிகச் சிறிய புரதம். 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஏ சங்கிலி, 30 கொண்ட பி சங்கிலி, ஆக 51. இரு சங்கிலிகளையும் இரண்டு கந்தகப் பாலங்கள் இணைக்கின்றன. ஏ சங்கிலிக்குள்ளேயே மூன்றாவது பாலம் ஒன்றும் உண்டு. இரத்தத்தில் ஓடும்போது இது தனி மூலக்கூறாக ஓடுகிறது. செல்லின் ஏற்பியோடு இணைவதும் தனி மூலக்கூறுதான். சேமித்து வைக்கும்போது மட்டும் நிலைமை வேறு. இரண்டிரண்டாகச் சேர்ந்து ஜோடியாகின்றன. மூன்று ஜோடிகள் ஒரு நடு அச்சைச் சுற்றி வட்டமாக அமைந்து ஆறு மூலக்கூறுகளின் கூட்டாகின்றன. இதற்கு ஹெக்ஸாமர் என்று பெயர். நடு அச்சில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு துத்தநாக அயனிகள் இருக்கும். ஒவ்வொரு துத்தநாகத்தையும் மூன்று இன்சுலின்கள் தங்கள் பி சங்கிலியின் பத்தாவது இடத்திலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தால் பற்றிக்கொள்கின்றன.

இதைக் கண்டறிய ஆன காலம் நீளமானது. ஜான் ஜேக்கப் ஏபெல் 1926ல் இன்சுலினைப் படிகமாக்கினார். அந்தப் படிகத்தில் துத்தநாகம் இருக்கிறது என்று டொரண்டோவின் டி. ஏ. ஸ்காட் 1934ல் காட்டினார். அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் ராபின்சன் கொஞ்சம் இன்சுலின் படிகத்தைப் படிகவியலாளர் டோரதி ஹாட்ஜ்கினிடம் கொடுத்தார். ஹாட்ஜ்கின் 1935ல் முதல் எக்ஸ்ரே படம் எடுத்தார். முழு அமைப்பை வெளியிட்டது 1969ல். இடையில் பெனிசிலினின் அமைப்பையும் வைட்டமின் பி-12 இன் அமைப்பையும் கண்டுபிடித்து 1964ல் நோபல் பரிசும் பெற்றுவிட்டார். இன்சுலினை மட்டும் அவர் விடவில்லை. 1969 கட்டுரையை எழுதியவர்களில் கை டாட்சன், எலினார் டாட்சன், டாம் பிளண்டெல் ஆகியோருடன் எம். விஜயனும் ஒருவர். பிற்பாடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து இந்தியாவில் புரதப் படிகவியலை வேரூன்றச் செய்தவர் அவர்தான். டாட்சன் இணையர் 1976ல் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். இன்சுலின் படிகமும் அவர்களோடு யார்க்குக்குப் போயிற்று என்றே சொல்லலாம். இந்தக் கட்டுரையின் பாதி அங்கேதான் நடக்கிறது.

1969ல் கண்ட வடிவத்தை இன்று டி நிலை என்கிறோம். அதில் பி சங்கிலியின் முதல் எட்டு அமினோ அமிலங்கள் நீட்டிய நிலையில் இருக்கும். ஒன்பதிலிருந்து பத்தொன்பது வரைதான் சுருள். ஆறு மூலக்கூறுகளும் இப்படி இருந்தால் அது டி-6.

உப்பு மிகுந்த கரைசலில் வளர்த்த படிகங்கள் வேறு மாதிரி இருந்தன. ஹெக்ஸாமரின் ஒரு பாதியிலுள்ள மூன்று மூலக்கூறுகளில் அந்த நீட்டிய பகுதியும் சுருளாகிவிட்டிருந்தது. சுருண்ட வடிவத்துக்கு ஆர் நிலை என்று பெயர். மூன்று டி, மூன்று ஆர் என்று பாதிப்பாதியாக இருப்பதால் இந்த வகை டி-3 ஆர்-3. குளோரைடு போன்ற அயனிகளே இந்த மாற்றத்தைத் தூண்டுகின்றன என்பது 1970களில் தெரிந்தது.

1989

ஃபீனால் வெறும் காவலாளி அல்ல என்பதற்கு ஒரு முன்குறிப்பு 1946லேயே இருந்தது. கோபன்ஹேகனில் ஹாகெடோர்னின் ஆய்வகத்தில், மீன் விந்திலிருந்து எடுக்கும் புரோட்டமினையும் இன்சுலினையும் சேர்த்து மெதுவாகக் கரையும் படிகங்களை உருவாக்கினார்கள். இன்றும் அரசு மருத்துவமனைகளில் வழங்கப்படும் என்.பி.எச். இன்சுலின் அதுதான். துத்தநாகத்தோடு ஃபீனாலோ கிரெசாலோ இருந்தால்தான் அந்தப் படிகம் சரியாக உருவாகும் என்று கிரேயன்பியூலும் ரோசன்பெர்க்கும் அப்போதே எழுதினார்கள். ஏன் என்று சொல்லும் கருவி அன்று அவர்களிடம் இல்லை.

ஏன் என்பதை 1989ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை சொன்னது. உர்சுலா டெரவெண்டா, ஸிக்மண்ட் டெரவெண்டா, டாட்சன் இணையர், அமெரிக்காவின் டேவிட் ஸ்மித் உள்ளிட்டோர் ஃபீனால் கலந்த கரைசலில் வளர்ந்த படிகத்தை ஆராய்ந்தார்கள். ஆறு இன்சுலின்களும் ஆர் நிலையில் இருந்தன. பி சங்கிலி முதல் அமினோ அமிலத்திலிருந்தே சுருளாக, பத்தொன்பது வரை ஒரே நீளச் சுருளாக நின்றது. ஆறு ஃபீனால்கள் ஆறு குழிகளில் இருந்தன.

குழி எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். அது ஒரு இன்சுலினுக்குள் தனியாக இல்லை. இரண்டு ஜோடிகள் ஒன்றையொன்று தொடும் எல்லையில் இருக்கிறது. ஒரு பக்கம் ஒரு இன்சுலினின் ஏ சங்கிலி. எதிர்ப்பக்கம் பக்கத்து ஜோடியின் பி-5 ஹிஸ்டிடின், அதாவது பி சங்கிலியின் ஐந்தாவது இடத்திலுள்ள ஹிஸ்டிடின். ஃபீனாலின் வளையம் எண்ணெய்த் தன்மை கொண்ட சுவர்களுக்கு நடுவே அமர்கிறது. அதன் ஹைட்ராக்சில் தலை ஏ-6 சிஸ்டீனின் ஆக்சிஜனோடு ஒரு ஹைட்ரஜன் பிணைப்பும், ஏ-11 சிஸ்டீனின் நைட்ரஜனோடு ஒரு பிணைப்பும் போட்டுக்கொள்கிறது. வாங்க ஒரு கை, கொடுக்க ஒரு கை. ஹைட்ராக்சில் இல்லாத வெறும் வளையம் இங்கே இப்படிப் பிடிபடாது.

டி நிலையில் இந்தக் குழி இல்லவே இல்லை. பி சங்கிலியின் தொடக்கம் இடம்பெயர்ந்து சுருளானால்தான் குழி உருவாகிறது. அந்த இடப்பெயர்ச்சியும் சாதாரணமானதல்ல. பி-1 ஃபினைல்அலனின் 25 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் நகர்கிறது (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). மொத்த ஹெக்ஸாமரே ஏறத்தாழ 50 ஆங்ஸ்ட்ராம் அகலம்தான் என்பதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய நகர்வு என்பது புரியும். பதின்மூன்று அணுக்கள் மட்டுமே கொண்ட ஃபீனால் இவ்வளவு பெரிய மாற்றத்தை நிலைநிறுத்துகிறது. தேருக்கு அச்சாணி போல என்று சொல்வது இந்த இடத்தில் மிகையில்லை.

துத்தநாகத்தின் நிலையும் கூடவே மாறுகிறது. டி-6ல் ஒவ்வொரு துத்தநாகத்தையும் மூன்று ஹிஸ்டிடின்களும் மூன்று நீர் மூலக்கூறுகளும் சூழ்ந்திருக்கும். மொத்தம் ஆறு கைகள். ஆர்-6ல் மூன்று ஹிஸ்டிடினும் ஒரு குளோரைடும் மட்டுமே, நான்கு கைகள். சுருண்ட பி சங்கிலிகள் மூன்றும் சேர்ந்து துத்தநாகத்துக்கு மேல் ஒரு குறுகலான சுரங்கத்தைக் கட்டிவிடுகின்றன. நீர் எளிதில் நுழைய முடியாது.

இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இந்த மாற்றத்தை வைத்துச் செய்ததுதான். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் மைக்கேல் டன் குழுவினர் துத்தநாகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோபால்ட்டை வைத்தார்கள். துத்தநாகத்துக்கு நிறமில்லை; கோபால்ட்டுக்கு உண்டு. ஆறு கை இருந்தால் மங்கிய நிறம், நான்கு கை ஆனால் அடர்நீலம். கரைசலில் ஃபீனாலைச் சேர்த்ததும் நீலம் ஏறியது. படிகத்தில் கண்டது படிகத்துக்கு மட்டுமே உரிய விசித்திரம் அல்ல, கரைசலிலும் அதுவே நடக்கிறது என்று கண்ணால் பார்த்து நம்பும்படி காட்டிய சோதனை இது. படிகவியல் முடிவு ஒவ்வொன்றுக்கும் இப்படியொரு துணைச் சாட்சி வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். செரட்டோனினுக்கு வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குப்பிக்குள் நடப்பது

ஒரு சின்னக் கணக்கு. மில்லிக்கு 100 யூனிட் இன்சுலினில் ஏறத்தாழ 0.6 மில்லிமோலார் அளவு இன்சுலின் இருக்கிறது (மில்லிமோலார் என்பது மூலக்கூறுகளின் எண்ணிக்கையை வைத்துச் சொல்லும் செறிவு அலகு). சாதாரண மனித இன்சுலின் மருந்து ஒன்றில் மெட்டா-கிரெசால் மில்லிக்கு 2.5 மில்லிகிராம் என்றால் அது ஏறத்தாழ 23 மில்லிமோலார். அதாவது ஒரு ஹெக்ஸாமருக்கு 230 கிரெசால்கள். ஆறு உள்ளே போய் உட்கார, மற்றவை வெளியே கிருமியைப் பார்த்துக்கொள்கின்றன. இந்தப் பிணைப்பு வலுவானதல்ல. உள்ளே போவதும் வெளியே வருவதுமாகத்தான் இருக்கும். வெளியே ஏராளமாக இருப்பதால்தான் குழிகள் நிரம்பியே இருக்கின்றன.

ஆர் நிலையில் கட்டுண்ட இன்சுலின் நீண்ட நாள் கெடாது. தனி மூலக்கூறுகளாகப் பிரிந்து, விரிந்து, நார் நாராகத் திரிந்துபோவது குறைகிறது. பி-3 ஆஸ்பராஜின் வேதிமாற்றம் அடைவதும் குறைகிறது. ஆகவே கிரெசாலின் அளவைக் குறைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அது கிருமி பற்றிய கேள்வி மட்டும் அல்ல. மருந்தின் ஆயுளையே தொடும் கேள்வி. சிறு குழந்தைகளுக்காக இன்சுலினை நீர்க்கச் செய்ய வேண்டியிருந்தால், நிறுவனங்கள் அதற்கென்று கிரெசால் கலந்த தனிக் கரைப்பானைத் தருகின்றன. வெறும் உப்பு நீரில் கலந்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் கிருமி ஒரு காரணம் என்றால், குழி காலியாகிவிடுவது இன்னொரு காரணம்.

தோலுக்கடியில் போனதும் ஃபீனால்கள் சீக்கிரமாகக் கரைந்து அகன்றுவிடுகின்றன. அச்சாணி போன பிறகு ஹெக்ஸாமர் ஜோடிகளாகவும், ஜோடிகள் தனி மூலக்கூறுகளாகவும் பிரிந்தால்தான் இரத்தத்தில் கலக்கும். சாதாரண மனித இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே போட்டுக்கொள்ளச் சொல்வது இந்தத் தாமதத்தால்தான்.

இந்தத் தாமதத்தை நீக்க வந்த லிஸ்ப்ரோ, பி-28 இலும் பி-29 இலும் உள்ள புரோலினையும் லைசினையும் இடம் மாற்றி வைத்த இன்சுலின். 1996ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜோடி சேரும் இடத்தில் பிடியைத் தளர்த்திவிட்டார்கள். அப்படித் தளர்த்தினால் குப்பிக்குள் மட்டும் எப்படி நிலைக்கிறது? 1995ல் ஈவா சிஷாக்கும் ஸ்மித்தும் வெளியிட்ட படிக அமைப்பு விடை சொன்னது. துத்தநாகமும் ஃபீனாலும் இருந்தால் லிஸ்ப்ரோவும் ஹெக்ஸாமராக நிற்கிறது. ஃபீனால் போனால் மளமளவென்று பிரிகிறது. மிக மெதுவாக வேலை செய்யும் இன்சுலினான டெக்ளுடெக் இதற்கு நேர் எதிர்த்திசையில் இதே விசையைப் பயன்படுத்துகிறது. குப்பியில் ஃபீனாலோடு இரட்டை ஹெக்ஸாமராக இருக்கும். தோலுக்கடியில் ஃபீனால் அகன்றதும் ஹெக்ஸாமர்கள் வரிசையாகக் கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலியாகிவிடும். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கும் மேல் இன்சுலின் கசியும். வேகமான மருந்துக்கும் மிக மெதுவான மருந்துக்கும் ஒரே சிறு மூலக்கூறு வெளியேறுவதுதான் தொடக்கம்.

பாராசிட்டமால்

ஃபீனாலுக்கு இடம் கொடுத்த குழி மற்றவற்றுக்கும் கொடுக்குமா என்று தேடியவர்களில் ஸ்மித்தும் சிஷாக்கும் முன்னணியில் இருந்தார்கள். மெட்டா-கிரெசால், ரிசார்சினால் என்று பட்டியல் நீண்டது. 1994ல் அவர்கள் வெளியிட்டதுதான் பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மனித இன்சுலின் ஹெக்ஸாமரோடு நம் வீட்டுக் காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமால் பிணைந்திருந்தது. வேதியியலில் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. பாராசிட்டமாலும் ஒரு ஃபீனால்தான். வளையத்தின் எதிர்முனையில் ஒரு வால் கூடுதலாக ஒட்டியிருக்கிறது. ஹைட்ராக்சில் தலை குழிக்குள் அதே இடத்தைப் பிடிக்கிறது. கிடைத்தது டி-3 ஆர்-3 வகை; குழி இருப்பது ஆர் பாதியில் மட்டுமே என்பதால் ஒரு ஹெக்ஸாமருக்கு மூன்று பாராசிட்டமால்.

சர்க்கரை நோயாளி காய்ச்சல் மாத்திரை போட்டால் இன்சுலின் கட்டிக்கொண்டுவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளவே கூடாது. இரத்தத்தில் இன்சுலின் மிக மிகக் குறைவான செறிவில் தனித்தனியாக ஓடுகிறது. அங்கே ஹெக்ஸாமர் இல்லை. ஹெக்ஸாமர் இல்லாத இடத்தில் குழியும் இல்லை. படிகம் வளர்க்கும் கரைசலில் இருக்கும் நெருக்கடி உடலின் இரத்தத்தில் கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பாராசிட்டமால் படிகம் நிரூபித்தது ஒன்றை மட்டும்தான்: சரியான தலையும் ஓரளவு சரியான உடலும் இருந்தால் இந்தக் குழியில் பல மூலக்கூறுகள் உட்கார முடியும். உட்கார முடியும் என்பதும் உட்கார்ந்திருக்கிறது என்பதும் வேறு வேறு. செரட்டோனின் விஷயத்தில் எல்லாமே இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

செரட்டோனின்

இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களில் இன்சுலின் தனியாக இல்லை. அதன் சேமிப்புப் பைகளில் துத்தநாகம் இருக்கிறது, இன்சுலின் உருவாகும்போது வெட்டப்படும் துண்டான சி-பெப்டைடு இருக்கிறது, செரட்டோனினும் டோபமினும் இருக்கின்றன. மூளையின் தூதுப்பொருள்கள் என்று நாம் அறிந்த இவை, பீட்டா செல்கள் கூட்டமாக இருக்கும் கணையத் தீவுகளிலும் உண்டு என்பது 1960களிலேயே தெரிந்தது. இன்சுலின் வெளியேறும்போது செரட்டோனினும் கூடவே வெளியேறுகிறது. சுண்டெலிகள் கர்ப்பமாக இருக்கும்போது தீவுகளில் செரட்டோனின் பல மடங்கு கூடுகிறது, அதுவே பீட்டா செல்களைப் பெருகச் செய்கிறது என்று 2010ல் ஓர் ஆய்வு காட்டியது.

செரட்டோனினின் வடிவத்தைப் பாருங்கள். இரட்டை வளையம், ஒரு முனையில் ஹைட்ராக்சில், இன்னொரு பக்கம் அமீன் வால். அந்த ஹைட்ராக்சில் இருக்கும் வளையத்தை மட்டும் பார்த்தால் அது ஃபீனாலேதான். ஃபீனாலின் குழிக்கு உடலுக்குள்ளேயே ஒரு வேட்பாளர் இருக்கிறது என்றால், முதலில் மனதில் வரவேண்டியது இதுதான்.

செக் அறிவியல் கழகத்தின் கரிம வேதியியல், உயிர்வேதியியல் நிறுவனத்தில் பவெல் யுங்வர்த்தின் குழு கணினியில் மூலக்கூறுகளின் அசைவைக் கணித்தது. யார்க்கில் படிகம் வளர்த்தார்கள். இரண்டு வேலையும் தனித்தனியாக, ஒன்றின் முடிவை மற்றொன்றின் மேல் சுமத்தாமல் நடந்தன என்பது இந்த ஆய்வின் பெரிய பலம். இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. செரட்டோனின் ஃபீனாலின் குழியில் நன்றாக அமர்கிறது. ஹெக்ஸாமரை டி-3 ஆர்-3 வடிவத்தில் நிலைநிறுத்துகிறது. ஹெக்ஸாமரின் வெளிப்பரப்பிலும் செரட்டோனினுக்கு ஓர் இடம் இருக்கிறது என்று இரண்டு முறைகளும் சொன்னன.

சில படிகங்களில் அர்ஜினினையும் சேர்த்தார்கள். அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. பீட்டா செல் முதலில் செய்வது இன்சுலினை அல்ல, புரோஇன்சுலினை. அதை வெட்டி இன்சுலினாக்கும்போது இரண்டு வெட்டுமுனைகளிலும் இருக்கும் கார அமினோ அமிலங்கள் கழற்றி விடப்படுகின்றன. ஒரு இன்சுலினுக்கு மூன்று அர்ஜினினும் ஒரு லைசினும். அவை பைக்குள்ளேயே தேங்கியிருக்க வாய்ப்பு உண்டு. செரட்டோனினும் அர்ஜினினும் சேர்ந்து பிணைந்த, நிலையான டி-3 ஆர்-3 ஹெக்ஸாமர்கள் படிகங்களில் கிடைத்தன. ஃபீனாலோ சோடியம் குளோரைடோ போல ஆய்வக அலமாரியிலிருந்து எடுத்த பொருளாக இல்லாமல், பைக்குள் உண்மையிலேயே இருக்கக்கூடியவற்றை வைத்தே சோதித்தது எனக்குச் சரியான அணுகுமுறையாகப் படுகிறது.

டோபமினில்தான் இரண்டு முறைகளும் பிரிந்தன. வெளிப்பரப்பு இடத்தில் டோபமின் நன்றாகப் பொருந்தும் என்று கணினி சொன்னது. படிகத்தில் அது தெரியவில்லை. இரண்டு ஹைட்ராக்சில் கொண்ட டோபமின் பிணையும் என்றுதான் யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றே எழுதிவிட்டார்கள். இந்த ஒரு வரியாலேயே செரட்டோனின் பற்றிய முடிவின் மேல் என் நம்பிக்கை கூடுகிறது. எதைச் சேர்த்தாலும் ஒட்டிக்கொள்ளும் குழி அல்ல இது, எதைத் தேடினாலும் கண்டுவிடும் கண்களும் அல்ல அவர்களுடையவை.

எது நிரூபணமானது, எது ஆகவில்லை

படிகவியலில் நாம் காண்பது மூலக்கூறின் புகைப்படம் அல்ல. படிகத்தில் பட்டுச் சிதறும் எக்ஸ்ரே புள்ளிகளிலிருந்து எலக்ட்ரான்கள் எங்கே அடர்ந்திருக்கின்றன என்ற வரைபடத்தைக் கணக்கிடுகிறோம். அந்த வரைபடத்தில் குழிக்குள் ஒரு மேடு தெரிந்தால், அங்கே எதையோ வைத்துப் பொருத்துகிறோம். வைத்த மூலக்கூறு அந்த மேட்டை முழுவதும் நிரப்ப வேண்டும். சுற்றியுள்ள அணுக்களோடு இடிக்கக் கூடாது. பிணைப்பு நீளங்கள் நியாயமாக இருக்க வேண்டும். சிறு மூலக்கூறுகள் விஷயத்தில் இங்கேதான் ஏமாறுவது அதிகம். கரைசலில் இருக்கும் வேறெந்தப் பொருளும் அதே குழியில் மங்கலான மேடாகத் தெரியலாம். செரட்டோனினுக்கு இரட்டை வளையம் இருப்பது இங்கே உதவுகிறது. அதன் தட்டையான, அகலமான உரு நீர் மூலக்கூறுகளின் சிதறலிலிருந்து வேறுபட்டுத் தெரியும். கணினிக் கணிப்பும் அதே இடத்தைச் சொல்வதால் பிணைப்பை ஐயப்பட நான் காரணம் காணவில்லை.

ஆனால் உயிருள்ள பீட்டா செல்லில் இது நடக்கிறதா என்பது வேறு கேள்வி. அங்கே பையின் உட்புறம் அமிலத்தன்மை கொண்டது, பி.எச். ஏறத்தாழ 5.5. பைகளுக்குள் இன்சுலின் உறைந்து திரண்டிருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காண முடிகிறது, ஒழுங்கான அடுக்குகளும் தெரிகின்றன. ஆனால் அந்தப் படங்களின் நுணுக்கம் டி நிலையா ஆர் நிலையா என்று பிரித்துச் சொல்லப் போதாது. சேமிப்பில் இருப்பது டி-6 என்று பாடப்புத்தகங்கள் எழுதிவருவது, ஹாட்ஜ்கின் கண்ட முதல் படிகம் அதுவாக இருந்தது என்ற பழக்கத்தால்தானே தவிர நேரடிச் சான்றால் அல்ல. பைக்குள் இன்சுலின் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது தெரியாது என்று 2017 ஆய்வின் ஆசிரியர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள்.

செரட்டோனின் பைக்குள் இருப்பதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். 2009ல் வந்த ஓர் ஆய்வு, பீட்டா செல்லுக்குள் செரட்டோனின் சில சிறு புரதங்களோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டு இன்சுலின் சுரப்பையே கட்டுப்படுத்துகிறது என்று காட்டியது. செரட்டோனினைச் செய்யும் நொதி இல்லாத சுண்டெலிகளுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு கெட்டுப்போனது. அந்தக் கேட்டுக்கு ஹெக்ஸாமரைக் காரணமாகச் சொல்ல வேண்டிய தேவையே அவர்களுக்கு எழவில்லை. ஆகவே செரட்டோனின் குறைந்தால் இன்சுலின் சுரப்பு கெடுகிறது என்பதை மட்டும் வைத்துக் குழிக்குச் சாட்சி சொல்ல முடியாது.

அளவுக் கணக்கு ஒன்றுதான் இப்போதைக்கு எனக்கு உருப்படியாகத் தோன்றுகிறது. பையின் திரண்ட உட்பகுதியில் இன்சுலின் ஏறத்தாழ 40 மில்லிமோலார் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஆறாறாகச் சேர்ந்தால் ஹெக்ஸாமர் 6 அல்லது 7 மில்லிமோலார். இரண்டு துத்தநாகம் வீதம் 13 மில்லிமோலார் தேவை. பையில் ஏறத்தாழ 20 இருக்கிறது என்பதால் அது போதும். டி-3 ஆர்-3ல் மூன்று குழிகள். அவற்றை நிரப்பச் செரட்டோனின் மட்டும் 20 மில்லிமோலார் வேண்டும். இது துத்தநாகத்துக்கு நிகரான அளவு, சாதாரணமாகச் சிறிதளவு இருந்தால் போதும் என்று சொல்லிவிடக்கூடிய அளவு அல்ல. அந்த அளவுக்கு வெகுவாகக் கீழே இருந்தால் சில ஹெக்ஸாமர்கள் மட்டுமே ஆர் பாதியோடு இருக்கும், பெரும்பாலானவை டி-6 ஆகவே கிடக்கும்.

எனவே தேட வேண்டிய இடம் கர்ப்பமான சுண்டெலியின் கணையத் தீவு. செரட்டோனின் அங்கே இயல்பை விடப் பல மடங்கு. அந்தப் பைகளைப் பிரித்தெடுத்து, ஒரு ஹெக்ஸாமருக்கு எத்தனை செரட்டோனின் என்று அளந்து, கர்ப்பமாகாத சுண்டெலியின் பைகளோடு ஒப்பிடலாம். உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பையை அப்படியே உறையவைத்துப் பார்க்கும் வழிகள் இப்போது இருக்கின்றன. படிகத்தின் அடுக்கு இடைவெளி இரண்டிலும் ஒன்றாகவே இருந்தால் செரட்டோனின் குழிக்குள் போகவில்லை, அல்லது போனாலும் எண்ணிக்கையில் பொருட்டல்ல. இடைவெளி மாறினால், யார்க்கில் வளர்த்த படிகத்தின் அளவுகளோடு அதை நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.